வணிக வட்டாரங்கள் தெரிவிக்கின்றன

வீட்டில் தனியாக இருப்பவன் செய்தி கேட்கக் கூடாது. கேட்டாலும் அதற்குப் பதில் பேசக் கூடாது. நான் இரண்டையும் செய்தேன். அதனால்தான் இன்றைக்கு காரைக்கால் பக்கத்திலுள்ள எங்கள் ஊர் நெரவியில் என் சொந்தப் பெயர் ரேஷன் அட்டையில் மட்டும் இருக்கிறது.

மகளின் பிரசவத்துக்காக என் மனைவி மல்லிகா பெங்களூருக்குப் போனாள். மூன்று மாதத்தில் வந்துவிடுவதாகச் சொன்னாள். மகளுக்கு லீவு முடிந்தது. பேத்திக்குப் பல் முளைத்தது. பேத்தி தவழவும் ஆரம்பித்தாள். மல்லிகா வரவில்லை. (குறை சொல்லவில்லை. மகளும் மருமகனும் வேலைக்குப் போனால் பிள்ளையை யார் பார்ப்பது?) போன் செய்தால், "இருங்க, பாப்பா முழிச்சுக்கிச்சு" என்று வைத்துவிடுவாள்.

வீட்டில் ஒரு மனிதக் குரல் வேண்டுமே என்று, கைப்பேசியில் சந்தை நிலவரம் சொல்லும் ஒரு சேனலை ஓடவிட ஆரம்பித்தேன். "விவசாயப் பெருமக்களே, வணக்கம்" என்பார் அதில் செய்தி வாசிப்பவர். "வணக்கம், சொல்லுங்க" என்பேன் நான். ஒருநாள் "காபி சாப்பிட்டாச்சா?" என்றுகூடக் கேட்டேன். (அவர் மக்காச்சோளத்துக்குப் போய்விட்டார்.)

அந்தத் தை மாதம் சம்பா அறுப்பு முடிந்து எல்லோருடைய நெல்லும் களத்தில் குவிந்து கிடந்தது. அரிசி ஏற்றுமதி எகிறிவிட்டதாக டிவி சொன்னது. நெல் எடுக்க வந்த வியாபாரி யூசுப் பாயோ, ஏற்றுமதி படுத்துவிட்டது, அதனால்தான் விலை இல்லை என்றார். டீக்கடையில் காலையும் மாலையும் இதே பேச்சு.

"ஏண்ணே, ஏத்துமதி கூடிப்போச்சுங்குறாங்க. அப்ப நம்ம நெல்லுக்கு மட்டும் ஏன் வெல இல்ல? இதயெல்லாம் யாருண்ணே எண்ணுறாங்க?" என்று கேட்டான் தங்கராசு. என் வயலுக்கு அடுத்த வயலைக் குத்தகைக்குச் சாகுபடி செய்கிறவன். தினம் சாயங்காலம் என் வீட்டு வாசலில் வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிற ஒரே ஆளும் அவன்தான்.

நியாயமான கேள்வி. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பி.காம். படித்தவன். (முடித்தவன் என்று எங்கேயும் சொன்னதில்லை.)

"யாரோ சொல்ற கணக்கு நமக்கெதுக்கு? நேரா கடலுக்கே போயி பாத்துட்டு வர்றேன்" என்றேன்.

மறுநாள் பட்டினச்சேரிக் கரைக்குப் போனேன். தூரத்தில், வானமும் கடலும் சேருமிடத்தில் ஒரு கப்பல் நின்றது. பக்கத்தில் வலையைச் சரிசெய்துகொண்டிருந்தவரிடம், "அது என்னங்க கப்பல்?" என்று கேட்டேன்.

அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "பெரிய கப்பலுங்க" என்றார்.

அந்த வாரம் நான் கேட்ட தகவல்களிலேயே நம்பகமானது அது ஒன்றுதான். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். வீட்டுக்கு வந்து, குக்கரில் அரிசியை வைத்துவிட்டு, எங்கள் ஊர் விவசாயிகளின் வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினேன். கடலில் ஒரு கப்பல் நிற்கிறது, அரிசி ஏற்ற வந்ததாக இருக்கலாம், உறுதியாகத் தெரியாது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று. அவ்வளவுதான். இரண்டு பேர் கும்பிடு போட்டார்கள். ஒருவர் பூங்கொத்து அனுப்பினார்.

இரண்டு நாள் கழித்து, தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என் சேனல்காரர் சொன்னார்: "அரிசி ஏற்றுமதிக்காகக் காரைக்கால் கடலில் பெரிய கப்பல் ஒன்று காத்திருப்பதாக வணிக வட்டாரங்கள் தெரிவிக்கின்றன. நெல் விலை உயரும் என எதிர்பார்க்கப்படுகிறது."

நான் சோற்றுக் கையோடு எழுந்துவிட்டேன். நான் நினைத்ததையே வணிக வட்டாரங்களும் நினைத்திருக்கின்றன! உடனே மல்லிகாவைக் கூப்பிட்டேன். "பாப்பா குளிக்குதுங்க" என்றாள். சரி என்று களத்துக்கு ஓடினேன். அங்கே யூசுப் பாயின் லாரி நின்றது. தங்கராசு மூட்டை பிடிக்கச் சாக்கை உதறிக்கொண்டிருந்தான்.

"நிறுத்துடா! விக்காத!" என்று கத்தினேன்.

யூசுப் பாய் நிதானமானவர். "என்னண்ணே ஆச்சு?" என்றார்.

"கப்பல் நிக்குது பாய். வெல ஏறப் போவுது. உங்களுக்குத் தெரியாதாக்கும்?"

"யாருண்ணே சொன்னா?"

"வணிக வட்டாரம்."

"நெல்லு யாவாரம் பாக்குறது நானு. எனக்குத் தெரியாம அது எந்த வட்டாரம்?"

"அதெல்லாம் பெரிய எடத்துல பாய்" என்றேன். தங்கராசு அவரையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தான். பிறகு சாக்கை மடித்து வைத்தான். லாரி காலியாகத் திரும்பிப் போனது. ஒரு பெரிய சதியை முறியடித்தவனைப் போல நான் களத்தில் நின்றேன். (என்னுடைய நெல்லையும் விற்கவில்லை. அந்த நேர்மையாவது இருந்தது.)

அடுத்த வாரம் மண்டபத்தில் விவசாயிகள் கூட்டம். வேளாண் அதிகாரி அம்மா ஒருவர் வந்திருந்தார். வியாபாரிகளையும் அழைத்திருந்தார்கள். அதிகாரி ஏற்றுமதிப் புள்ளிவிவரங்களை வாசித்து முடித்ததும் நான் எழுந்து மைக்கை வாங்கினேன்.

"இதயெல்லாம் யாரு எண்ணுனது மேடம்? எண்ணுனவங்க எங்க களத்துக்கு ஒரு தடவயாச்சும் வந்தாங்களா?"

மண்டபமே கைதட்டியது. பல மாதங்களாக என் பேச்சுக்குப் பதிலே வராத எனக்கு, அந்தச் சத்தம் தலைக்கு ஏறிவிட்டது. உட்காரவில்லை. "எங்ககிட்ட வேற தகவல் இருக்கு" என்று தொடங்கி, கப்பலைப் பற்றியும் வணிக வட்டாரங்களைப் பற்றியும் முழங்கினேன்.

யூசுப் பாய் மெதுவாக எழுந்தார். "மன்னிச்சுக்குங்கண்ணே. அந்தச் சேனல்காரரு நமக்குத் தெரிஞ்சவருதான். எங்கேருந்து எடுத்தீங்கன்னு கேட்டேன். இத அனுப்பியிருக்காரு" என்று, தன் கைப்பேசியை மைக்குக்குப் பக்கத்தில் வைத்தார்.

மண்டபத்தின் நாலு ஒலிபெருக்கியிலும் என் குரல் வந்தது. "பட்டினச்சேரிப் பக்கம் போயிருந்தேங்க. கடல்ல ஒரு பெரிய கப்பல் நிக்குது. அரிசி ஏத்த வந்ததோ என்னமோ..."

சிரிப்பு கிளம்பியது. அதிகாரி அம்மா கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். பதிவு நிற்கவில்லை. பின்னால் குக்கர் விசில் அடித்தது. உடனே என் குரல், வெகு இயல்பாக: "மல்லிகா, அடுப்ப நிறுத்து."

சிரிப்பு சட்டென்று அடங்கிவிட்டது. மல்லிகா ஊரில் இல்லை என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அவர்கள் சிரித்துக்கொண்டே இருந்திருக்கலாம். அதை நான் தாங்கியிருப்பேன். நூறு பேர் தரையைப் பார்த்துக்கொண்டிருக்க, மைக்கைப் பிடித்தபடி நிற்பது பெரிய கஷ்டம்.

யூசுப் பாய்க்கும் சங்கடமாகிவிட்டது. "அது நெலக்கரி கப்பலுண்ணே" என்று மெல்லச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அன்று சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. வணிக வட்டாரங்கள் அதைத் தெரிவிக்கவில்லை. நான் களத்துக்குப் போவதற்குள் நெல்லை மூடியிருந்த தங்கராசுவின் படுதாவையும் என்னுடையதையும் காற்று தூக்கிவிட்டது. நெல் பாதிக்குமேல் நனைந்துவிட்டது. அவன் என்னைத் திட்டவில்லை. என் முகத்தையே பார்க்கவில்லை.

"வீட்டுக்குக் கொண்டாடா. பூரா வீடும் காலியாத்தான் கெடக்கு" என்றேன்.

முதலில் அவன் அசையவில்லை. அவன் மனைவி செல்விதான், "அண்ணன் சொல்றாங்கள்ல, தூக்குங்க" என்றாள். கூடம், படுக்கையறை, மகளின் அறை என்று எல்லா இடத்திலும் ஈர நெல்லைப் பரப்பி, எல்லா மின்விசிறிகளையும் முழு வேகத்தில் வைத்தோம். ஈரப் புழுக்கமும் நெல் வாசமும் வீடு முழுக்க. செல்வி என் அடுப்பில் குழம்பு வைத்தாள். தங்கராசு காலால் நெல்லைத் துழாவிக்கொண்டே, பேசாமல் இருந்து பார்த்துவிட்டு, மறுநாள் பேச ஆரம்பித்தான். நடுவில் வீடியோ காலில் வந்த மல்லிகா, "என்னங்க இது, கட்டிலுக்கடியிலயும் நெல்லு!" என்று அலறினாள். அன்றைக்குப் பாப்பா அழுதும் அவள் போனை வைக்கவில்லை. தங்கராசு அவளுக்கு நடந்ததை ஒன்று விடாமல் சொன்னான். குக்கர் விசிலையும் சேர்த்துத்தான். அதைக் கேட்டபோது மட்டும் அவள் சிரிக்கவில்லை.

நெல் காய்ந்ததும் யூசுப் பாயே வந்து எடுத்துக்கொண்டார். நிறம் மங்கிவிட்டதால் விலை முன்பு கேட்டதைவிடக் குறைவுதான். தங்கராசுவும் செல்வியும் வீட்டைப் பெருக்கித் தந்துவிட்டுப் போனார்கள். விசிறிகளை ஒவ்வொன்றாக நிறுத்தினேன். அதற்குப் பிறகு வீட்டில் இருந்த அமைதி, அதற்கு முன்னால் இருந்ததைவிடப் பெரிதாக இருந்தது.

அன்றிலிருந்து ஊரில் என் பெயர் 'வட்டாரம்'. டீக்கடையில் "வட்டாரத்துக்கு ஒரு டீ" என்கிறார்கள். ஏற்றுமதியை யார் எண்ணுகிறார்கள் என்பது எங்களுக்கு இன்றும் தெரியாது. ஆனால் எந்தச் செய்தி வந்தாலும், "இது நம்ம வட்டாரம் சொன்னதா, வேற வட்டாரமா?" என்று கேட்டுக்கொள்கிறார்கள். பெங்களூரில் பேத்திக்குப் பேச்சு வந்து, அவளும் என்னை 'வட்டாத் தாத்தா' என்கிறாள்.

மல்லிகா இப்போது தினமும் தவறாமல் கூப்பிடுகிறாள். மழை உண்டா, நெல் என்ன விலை, தங்கராசு வந்தானா என்று எல்லாம் விசாரிப்பாள். நானும் சொல்லி முடித்துவிட்டு, கடைசியில் எப்போதும் கேட்பதைக் கேட்பேன்.

"நீ எப்ப வர்ற?"

செய்தி வாசிப்பவரைப் போலக் குரலை மாற்றிக்கொண்டு அவள் சொல்வாள்: "விரைவில் திரும்புவார் என வட்டாரங்கள் தெரிவிக்கின்றன."