துறவிக்குக் கிடைத்த வீடு

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணல் என்றால் மண்ணுக்குள் பதுங்கிக் கிடக்கும் தவளை. சும்மா கிடந்தால் பாம்புக்குத் தெரியப் போவதில்லை, கத்தித்தான் மாட்டிக்கொள்ளும். (பார்த்தீர்களா, ஆரம்பித்துவிட்டேன். இதுதான் என் வியாதி.) ஏதாவது ஒரு பிராணியைப் பற்றிப் புதிதாகத் தெரிந்தால், யாரிடமாவது சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது.

கல்யாணமான புதிதில் தூத்துக்குடியில் வீடு தேடி நாயாய் அலைந்தோம். குடியிருந்த வீட்டை மாதக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும். கடைசியில் ஒரு மளிகைக்கடை அண்ணாச்சியின் மாடி வீடு அமையும்போல் இருந்தது. அடேயப்பா, என்ன வீடு! குழாயில் தண்ணீர் வரும், ஜன்னலில் கடற்காற்று வரும். அண்ணாச்சிக்கு ஒரே நிபந்தனை: நாய், பூனை, கோழி எதுவும் கூடாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்து பேசி முடிக்கச் சொன்னார்.

முந்திரி போட்ட தூத்துக்குடி இனிப்பு மக்ரூன் வாங்கிப் போகலாம் என்றார் என் கணவர். ஊரே அதைத்தான் கொண்டுபோகும் என்று நான் பிகு பண்ணினேன். அன்று காலை கடற்கரையில் பொறுக்கிய அழகான சங்கு ஒன்று என்னிடம் இருந்தது. மேலே துடைத்து, டப்பாவில் வைத்து எடுத்துப் போனேன். உள்ளே எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை, இந்த மேதாவிக்கு.

அண்ணாச்சி ரசித்துவிட்டுச் சங்கை டீப்பாயில் வைத்தார். அவர் மனைவி காப்பி கொண்டுவந்தார். குடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் சங்கைப் பார்த்ததும் எனக்குத் துறவி நண்டு ஞாபகம் வந்துவிட்டது. பெயர்தான் துறவி, வீட்டு ஆசை மட்டும் விடாது என்று தொடங்கினேன். பின்னுடம்பு மெத்தென்று இருப்பதால் செத்துப்போன நத்தையின் கூட்டில் குடிபுகும். வளர வளர வீடு பத்தாது. பெரிய கூடு ஒன்று கிடைத்தால் நண்டுகள் உயர வரிசையில் நிற்கும். ஒன்று காலி செய்ததில் அடுத்தது ஏறிக்கொள்ளும். அட்வான்சும் இல்லை, புரோக்கரும் இல்லை! காப்பி கொண்டுவந்த அக்கா கன்னத்தில் கைவைத்துக் கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. நண்டு மூத்திரம் போவது முகத்து வழியாக என்பதையும் எடுத்துவிட்டேன். என் கணவர் கண்ணாலேயே கெஞ்சினார்.

அண்ணாச்சி காரியத்துக்கு வந்தார். "வீட்டுல உசுருள்ளது எதுவும் வளக்க மாட்டியள்லா?"

"எறும்புகூட வராது, அண்ணாச்சி."

டீப்பாயில் சங்கு நடந்தது. காப்பி டம்ளரைச் சுற்றிக்கொண்டு விளிம்புக்கு வந்து, அண்ணாச்சியின் மடியில் விழுந்து, வேட்டியைக் கொடுக்கால் பிடித்துக்கொண்டது. அவ்வளவு பெரிய மனிதர் சோபாமேல் ஏறி நின்றார். நான் "அதுக்கு விஷம் கிடையாது, அண்ணாச்சி" என்று அப்போதும் பாடம் நடத்தினேன்.

அக்காதான் நண்டைப் பக்குவமாக எடுத்தார். அண்ணாச்சி சோபாவில் நின்றபடியே தீர்ப்புச் சொன்னார்.

"குடி வாரதுக்கு முன்னாலயே நண்ட உள்ள விட்டுட்டிய. குடி வந்தா என்னத்தையெல்லாம் விடுவியளோ. வேற வீடு பாருங்க."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அக்காவுக்கும் கண் கலங்கியிருந்தது, நண்டைப் பார்த்து. "வீடு தேடி வந்த சீவன், பாவம். இது இங்கனயே கெடக்கட்டும்" என்று ஒரு தொட்டியில் ஈர மணலைப் பரப்பினார். நாங்கள் செருப்பு மாட்டும்போது, அது மாறிக்கொள்ளப் பெரிய கூடு எங்கே கிடைக்கும் என்று என்னிடமே கேட்டார்.

பிறகு உப்புத்தண்ணீர் வரும் ஒரு வீட்டில் குடியேறினோம். இன்றைக்கும் வீட்டுக்கு யாராவது வந்து, நான் "ஒரு விஷயம் தெரியுமா" என்று ஆரம்பித்தால், என் கணவர் மக்ரூன் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு அவர்களிடம் சொல்வார்:

"இவ பேச்சுக்கு நல்ல பலன் உண்டு. நாங்க மூணு பேரு வீடு கேட்டுப் போனோம். நண்டுக்குக் கெடச்சுட்டு. அட்வான்சுகூட வாங்கல."