கோட்டையில் நான் கொன்ற தோமஸ்

அன்றைக்கு எனக்கு ஒரே ஒரு வேலைதான். மொழிபெயர்ப்பது.

கனடாவில், வெக்ஸ்போர்ட்டில் எங்கள் கட்டடத்து முதியவர்கள் நாற்பது பேர் சேர்ந்து, ஒரு ஸ்கூல் பஸ் பிடித்து, கிங்ஸ்ரன் பக்கம் ஏரிக்குள் இருக்கும் ஒரு தீவுக் கோட்டையைப் பார்க்கப் புறப்பட்டோம். வெள்ளைக்காரன் பீரங்கி வைக்கக் கட்டிய கோட்டை. பிறகு சிறைச்சாலை. இப்போது ரிக்கெற் வாங்கினால் யாரும் உள்ளே போகலாம். எங்கள் ஆட்களில் சிலர் ரிக்கெற் இல்லாமலே இப்படியான இடங்களை ஊரில் பார்த்தவர்கள். ஆனாலும் ஆளுக்கொரு சோற்றுப் பார்சலோடு சந்தோஷமாகத்தான் ஏறினார்கள்.

பயணத்தை ஒழுங்கு செய்தவர் ஆறுமுகம் மாஸ்டர். இளைப்பாறிய கணக்கு வாத்தியார். பஸ்ஸில் எழும்பி நின்று அறிவித்தார்.

"மிஸிஸ் நடராஜா இங்கிலீசில பி.ஏ. செய்தவ. அங்க சொல்லுறது எல்லாத்தையும் அவ தமிழில சொல்லுவா."

எல்லோரும் கை தட்டினார்கள்! நாற்பத்து நாலு வருஷத்துக்கு முந்திய பட்டம். அதற்குக் கடைசியாக யாராவது கை தட்டியது, அதை எடுத்த அன்றைக்குத்தான். எனக்குத் தலை கொஞ்சம் வீங்கிவிட்டது.

படகில் தீவுக்குப் போய் இறங்கினோம். வழிகாட்டி சிவப்புக் கோட்டும் ஒட்டு மீசையுமாக நின்றார். வாசலிலேயே பத்து நிமிஷம் பேசினார். கல் எங்கே வெட்டியது, சுவர் எத்தனை அடி தடிப்பு, சுண்ணாம்பு எப்படிக் குழைத்தது. எல்லாம் கேட்டு நான் சொன்னேன்:

"நல்ல தடிச்ச சுவர். கல்லு உள்ளூர்க் கல்லு."

எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"அவ்வளவும்தானோ?"

"உவன் மூச்சு விடாமக் கதைச்சவன். உவ ஒரு வரியில முடிக்கிறா!"

"மிச்சத்தைத் தனக்கு வைச்சிருக்கிறா போல."

மாஸ்டர் தொண்டையைச் செருமினார். "மிஸிஸ் நடராஜா, முழுக்கச் சொல்லுங்கோ. சனம் விடியவெள்ளண எழும்பி வந்தது."

அடுத்தது உள்ளே ஒரு இருட்டு அறை. உட்காரக் கல் வாங்கு ஒன்று, உள்ளங்கை அளவு கம்பி ஜன்னல் ஒன்று. வழிகாட்டி மறுபடி பத்து நிமிஷம் பேசினார். மறுபடியும் சுவர்!

பேசி முடித்துவிட்டு அவர் வெளியே போக, நாற்பது முகங்கள் என் வாயைப் பார்த்தன. நான் என்ன செய்ய?

"இந்த அறையிலதான் தோமஸ் எண்ட பெடியன் ஏழு வருஷம் இருந்தவன்," என்றேன்.

கூட்டம் நெருங்கி வந்தது.

"என்ன குற்றம் செய்தவன்?"

"ஒரு குற்றமும் இல்லை. அடையாள அட்டை இல்லாம றோட்டில போனவன்."

"பாத்தியளே! இங்கயும் அந்தக் காலத்தில செக் பொயின்ற் இருந்திருக்கு!"

பிறகு என்னை யாராலும் பிடிக்க முடியவில்லை. "தாய் ஒவ்வொரு நாளும் அக்கரையில வந்து நிண்டவ. இந்த ஜன்னலால பாத்தா அவவின்ர வெள்ளை முக்காடு மட்டும்தான் தெரியும். ஒரு மார்கழியில எது முக்காடு, எது பனி எண்டு அவனுக்குத் தெரியாமப் போச்சு."

அப்படி ஒரு வரி எனக்கு வந்து இருபது வருஷம். பெண்கள் மூக்கை உறிஞ்சினார்கள். ஆண்கள் ஜன்னலை ஆராய்ந்தார்கள்.

"பிறகு?" என்று கேட்டார் சிவபாக்கியம் அக்கா. எண்பது வயது. அறுபத்தாறு வயதான என்னைப் 'பிள்ளை' என்று கூப்பிட மிச்சமிருக்கும் ஒரே ஆள்.

நல்ல கதை நல்லபடி முடியக்கூடாது என்று எனக்குக் கல்லூரியில் படிப்பித்திருந்தார்கள்.

"பிறகென்ன அக்கா. இங்கயே செத்துப் போனான்."

சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது. அக்காவின் கடைசி மகன் கனடா வரக் கொழும்பு லொட்ஜில் காத்திருந்தபோது பிடிபட்டவன். பதினாலு மாதமாக உள்ளே. நாலு மாதமாகக் கடிதம் இல்லை. எங்கள் கட்டடம் முழுக்கத் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும். நானோ முக்காட்டுக்கு நிறம் தேடிக்கொண்டிருந்தேன்.

அக்கா கல் வாங்கில் இருந்துவிட்டார். "நீங்கள் போங்கோ. நான் வரேல்லை."

அதற்குள் யாரோ ஒரு புண்ணியவதி கைப்பையிலிருந்து கற்பூரம் எடுத்து, ஒரு வடையின் மேல் வைத்து, தோமஸின் ஆத்மா சாந்திக்காகக் கொளுத்திவிட்டார்!

வழிகாட்டி ஓடி வந்தார். பக்கத்து அறை வெடிமருந்துக் கிடங்காம். மருந்து தீர்ந்து நூறு வருஷமாகியிருக்கும், சட்டம் தீரவில்லை. சப்பாத்தால் மிதித்தார். கற்பூரத்தோடு வடையும் போனது.

யாருக்காக இதெல்லாம் என்று கேட்டார். மாஸ்டர் தம் ஆங்கிலத்தில் கம்பீரமாகச் சொன்னார்: "தோமஸ்."

எந்தத் தோமஸ்? அப்படி ஒருவர் இங்கே இருந்ததே இல்லை என்றார் வழிகாட்டி. இந்த அறையில் கைதிகளையே வைக்கவில்லை என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு, அன்றைக்கு முதல் தடவையாக ஒழுங்காக மொழிபெயர்த்தேன்.

"தோமஸ் எண்டு ஒருத்தரும் இருக்கேல்லையாம். இது உருளைக்கிழங்கு வைச்ச அறையாம்."

மாஸ்டர் சிரித்தார். நல்ல சிரிப்பில்லை.

"வேற என்ன சொல்லுவினம்? அப்பிடி ஒருத்தரையும் நாங்கள் பிடிக்கேல்லை எண்டுதானே எல்லா இடத்திலயும் சொல்லுறவை!"

"எந்த ஆமிக்காரன் ஓம் எண்டு சொன்னவன்?"

"உருளைக்கிழங்காம்! உருளைக்கிழங்குக்கு ஏன் ஜன்னலுக்குக் கம்பி?"

"ஐயோ, நான்தான் சும்மா சொன்னனான்!" என்று கத்தினேன். "தோமசும் இல்லை, தாயும் இல்லை!"

என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

"பாவம், பயந்திட்டா. வாற மாசம் சிற்றிசன் இன்ரவியூ எல்லே."

"நீங்கள் பேசாம இருங்கோ, மிஸிஸ் நடராஜா," என்றார் மாஸ்டர். "உங்கட பேர் வராது. நாங்கள் பெற்றிசன் எழுதுறம்." வரவுப் பட்டியலின் பின்பக்கத்தில் கையெழுத்து வாங்கத் தொடங்கிவிட்டார்.

படகு ஊதியது. கடைசிப் படகு. அக்கா எழும்பவில்லை. பக்கத்தில் குந்தினேன்.

"அக்கா, வாங்கோ. அது பொய்க் கதை."

"அந்தத் தாய்க்கு ஆர் போய்ச் சொன்னது, பிள்ளை?"



எழும்பிப் போய் வழிகாட்டியிடம் ஆங்கிலத்தில் மன்றாடினேன். 'தயவு செய்து இரண்டு நிமிஷம் எதையாவது பேசுங்கள். எதுவானாலும் சரி.' அவர் என்னையும் பார்த்து, அக்காவையும் பார்த்தார். நல்ல மனுஷன். பேசினார். கடை மூடப் போகிறது, வோஷ்றூம் இடது பக்கம், படிகள் வழுக்கும், கவனம்.

"அக்கா, இவர் பழைய பதிவுக் கொப்பியைத் திரும்பப் பாத்தவராம். செத்தது வேற தோமஸாம். இந்தத் தோமஸை விட்டிட்டினமாம்."

"எப்ப?"

வோஷ்றூமுக்குப் போகிறவர்கள் இப்போதே போகலாம் என்றார் வழிகாட்டி, கையையும் நீட்டி.

"சித்திரையில. பனி கரைஞ்ச உடன."

"தாயிட்டப் போனவனோ?"

"நேர தாயிட்டத்தான்."

"பாத்தியளே!" என்று துள்ளினார் மாஸ்டர். "பெற்றிசன் எண்ட உடன உண்மை வருது!"

அக்கா என் கையைப் பிடித்து எழும்பினார். ஓட்டமும் நடையுமாகப் படகைப் பிடித்தோம். பாதி ஏரி வந்ததும் அக்கா என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, ஒண்டு கேக்கட்டே?"

"கேளுங்கோ அக்கா."

"உவன் கடைசியாக் கதைக்கேக்க ரெண்டு தரம் வோஷ்றூம் எண்டவன். அந்தச் சொல்லு எனக்கும் தெரியும்."

நான் ஏரியைப் பார்த்தேன். ஏரி ஒரு உதவியும் செய்யவில்லை.

"நீ சொன்னதே இருக்கட்டும்," என்றார் அக்கா. "சித்திரை நல்ல மாசம்."

கரையில் பஸ் ஏறியதும் மாஸ்டர் மறுபடி எழும்பி நின்றார்.

"அடுத்த மாசம் நயாகரா. மிஸிஸ் நடராஜாதான் மொழிபெயர்ப்பு."

"மாஸ்டர், அங்க சும்மா தண்ணிதானே விழுகுது!"

"ஏன் விழுகுது எண்டு சனம் கேக்குமெல்லே?"