மேடைக்கு ஐந்நூறு தோட்டா

முந்நூற்றுப் பன்னிரண்டாவது தோட்டாவில் துப்பாக்கி நின்றுவிட்டது.

வெர்ன் ஹொலுபெக் விசையை மறுபடி அழுத்தினான். சத்தமில்லை. பக்கவாட்டில் பார்த்தான். சுட்ட தோட்டாவின் காலிக்கூடு பாதி வெளியே வந்து, மீதி உள்ளே மாட்டிக்கொண்டு நின்றது.

"என்ன மச்சான், உன் பிஸ்டன் மத்தியானத் தூக்கம் போடுதா?" என்றான் ரூடி. காப்பிக் கோப்பையோடு வேலி ஓரம் சாய்ந்திருந்தான்.

"ஒண்ணு," என்று எண்ணி, காகிதத்தில் கோடு போட்டாள் டார்லா. வெர்னின் மனைவி, ரூடியின் தங்கை. இருவருக்கும் பொதுவான ஆள் என்று அவளைத்தான் கணக்கெழுத உட்கார வைத்திருந்தார்கள்.

காலை ஏழு மணியிலிருந்து ஆலம் க்ரீக் துப்பாக்கி கிளப்பில் இந்தக் கூத்து நடக்கிறது. ஓடைக் கரையில் டார்லாவின் அப்பா கட்டிவிட்டுப்போன மரமேடை ஒன்று உண்டு. மான் வேட்டை தொடங்கும் நாளில் அதில் உட்காருபவனுக்கு மான் தானாக வந்து நிற்கும். அவர் போனபின் மூன்று வருஷமாக மருமகனும் மகனும் அதற்கு அடித்துக்கொள்கிறார்கள். கடைசியில் பந்தயத்தில் வந்து நின்றது. ஆளுக்கு ஐந்நூறு தோட்டா. சைலன்சரைக் கழற்றக் கூடாது. நடுவில் துடைக்கக் கூடாது, எண்ணெய் விடக் கூடாது. எவன் துப்பாக்கி குறைவாக நிற்கிறதோ அவனுக்கு மேடை.

ரூடி தன் பழைய துப்பாக்கியில் ஐந்நூறையும் முடித்துவிட்டான். நான்கு முறை நின்றது.

"ரெண்டு பேருக்கும் சமமா வந்துட்டா?" என்று காலையிலேயே கேட்டாள் டார்லா.

"வந்தா நீயே போய் உக்காரு," என்றான் ரூடி. இரண்டு ஆண்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

வெர்னுக்குச் சமமாக வரும் என்ற சந்தேகமே இல்லை. அவனுடையது இந்த ஆகஸ்டில்தான் கடைக்கு வந்த புது மாடல். கடலுக்குள் எண்ணெய்க் கிணற்றில் பதினான்கு நாள் இரும்புக் குழாயோடு மல்லுக்கட்டி, பதினான்கு நாள் வீட்டில் இருப்பவன் அவன். கையில் காப்பு காய்த்த காசில் வாங்கியது. பீப்பாய் முனையில் இருக்கும் சைலன்சருக்கு வருஷ ஆரம்பத்திலேயே மனுப் போட்டிருந்தான்; அரசாங்க அனுமதி வர ஏழு மாதம் ஆயிற்று. கடலில் தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் பொருள் பறிபோகக் கூடாது என்று, அந்த அனுமதிப் பத்திரத்தில் டார்லா பெயரையும் சேர்த்திருந்தான். பத்து விரலையும் மையில் தோய்த்துவிட்டு, "படிச்சுப் பாக்கட்டுமா?" என்று கேட்டாள் அவள். "அதுல ஒண்ணுமில்ல, கையெழுத்தப் போடு," என்றான் அவன்.

"முதல் வருஷம் வந்த மாடல எவனாவது வாங்குவானா?" என்று ஆகஸ்டிலிருந்து பாடிக்கொண்டிருந்தான் ரூடி. "புதுசா வந்த டிராக்டரக்கூட ரெண்டு அறுவடை பாத்துட்டுதான் வாங்குவோம்."

"உன்னுது சுட்ட புகைய தன் வாய்க்குள்ளயே ஊதிக்கிற ஜாதி. சைலன்சர் மாட்டினா வெளிய போக வேண்டியதும் சேந்து உள்ளதான் வரும். என்னோடது பிஸ்டன். புகை முன்னாடியே நின்னுடும், தள்ளுறது கம்பி மட்டுந்தான். துடைக்கவே வேணாம்," என்பான் வெர்ன்.

"அதுக்காக துடைக்காமயேவா கொண்டுபோவீங்க?" என்று இன்று காலைகூடக் கேட்டாள் டார்லா. "ஒரு தடவ திறந்து பாத்துட்டுப் போங்களேன்."

"திறந்து பாத்தா அதுக்கு அவமானம்," என்று பெட்டகத்திலிருந்து அப்படியே எடுத்து வந்தான். தோளில் மாட்டும்போது வார் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தது. குழாய் தூக்கித் தூக்கித் தோள் அகன்றுவிட்டது என்று நினைத்து மார்பை நிமிர்த்திக்கொண்டான்.

இப்போது முந்நூற்றுப் பன்னிரண்டில் நிற்கிறது.

"உள்ள கரி அடைச்சிருக்கும்," என்றான் ரூடி.

"பிஸ்டனுக்கு ஏதுடா கரி? காத்து அதிகமாப் போகுது, அவ்வளவுதான்." பீப்பாய் மேல் ஒரு திருகு இருந்தது, மூன்று பள்ளம். பிஸ்டனுக்கு எவ்வளவு காற்று போக வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. வெர்ன் இரண்டிலிருந்து ஒன்றுக்குத் திருப்பப் போனான்.

"ரெண்டுலயே விடுங்களேன்," என்றாள் டார்லா. "கூட்ட எடுத்துட்டு சுடுங்க, ஓடும்."

"நீ எண்ணும்மா."

ஒன்றுக்குத் திருப்பினான். சுட்டான். காற்று போதவில்லை. காலிக்கூட்டைத் தள்ளக்கூடத் தெம்பில்லாமல் துப்பாக்கி வாயைத் திறந்து மூடிக்கொண்டது.

"ரெண்டு," என்றாள் டார்லா.

"பசி போல, பாவம்," என்றான் ரூடி. "கொலாச்சி பன் ஒண்ணு ஊட்டி விடு."

வெர்னுக்குக் காது சிவந்தது. திருகை ஒரே வீச்சில் மூன்றுக்குத் தள்ளினான். இந்தமுறை துப்பாக்கி வெறிபிடித்தது. கூடுகள் எட்டடி பறந்தன. புகை பின்பக்கம் குபுகுபுவென்று வந்து அவன் கண்ணில் அடித்தது. ஒரு சூடான கூடு நேராகப் போய் ரூடியின் சட்டைக் காலருக்குள் விழுந்தது. ரூடி காப்பியை வீசிவிட்டு, கல்யாண வீட்டில்கூட ஆடாத போல்கா ஒன்றை ஆடினான்.

"எடுடா! எடுடா! முதுகுல போகுது!"

வெர்ன் கண்ணீர் வழியச் சுட்டுக்கொண்டே இருந்தான். பத்தொன்பதாவது தோட்டாவில், கம்பி போய்வந்த வேகத்துக்குத் தோட்டா அடுக்கிய மேகசின் ஈடுகொடுக்க முடியாமல், துப்பாக்கி வெறும் வாயை மென்றது.

"மூணு."

"அழாத மச்சான்," என்றான் சட்டையை உதறிக்கொண்டே ரூடி. "துப்பாக்கிதானே, வேற வாங்கிக்கலாம்."

"புகைடா இது!"

"ரெண்டுல வைங்க," என்றாள் டார்லா மறுபடியும்.

வேறு வழியில்லாமல் இரண்டில் வைத்தான். ஓடியது. நானூறு தாண்டியது. சைலன்சர் சூட்டில் அதன்மேல் காற்று நெளிந்தது. நானூற்று ஐம்பது. ஒரு தும்மலில்லை, ஒரு முனகலில்லை. ரூடியின் வாய் மெல்ல மூடிக்கொண்டது. நானூற்றுத் தொண்ணூறு வந்தபோது மேகசின் காலியானது. மூன்றே முறைதான் நின்றிருக்கிறது. இன்னும் பத்துத் தோட்டா. மேடை கையில் இருந்தது.

அப்போதுதான் வெர்னுக்குத் தலையில் ஏறியது. சும்மா ஜெயித்தால் போதுமா? எழுந்து நின்று இடுப்பில் கை வைத்தான்.

"மச்சான், உன் மேகசின் ஒண்ணு குடு."

"எதுக்கு?"

"என் துப்பாக்கி உன் குப்பைலயும் ஓடும்னு காட்டறேன்."

"வேணாங்க," என்றாள் டார்லா.

"நீ எண்ணு."

ரூடி தன் பையைத் துழாவி, இருப்பதிலேயே பழசாக, வாய் நெளிந்த ஒன்றைப் பயபக்தியோடு எடுத்து நீட்டினான். ஆறு தோட்டா போயிற்று. நானூற்றுத் தொண்ணூற்றேழு கோணலாக ஏறி, குறுக்கே படுத்துக்கொண்டது.

"நாலு," என்றாள் டார்லா.

அதை எடுத்துவிட்டு மீதியைச் சுட்டு முடிப்பதற்குள் சண்டை ஆரம்பித்துவிட்டது.

"அது உன் மேகசின்! கணக்குல வராது!"

"கேட்டு வாங்கினது யாரு? நான் உன் வாயில திணிச்சேனா?"

"நாலுக்கு நாலு," என்றாள் டார்லா காகிதத்தைத் தூக்கிக் காட்டி. "சமம்."

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள். காலையில் சொன்னது இருவருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. வெர்ன் வாயைத் திறந்தான். சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க அந்த ஊரில் யாருக்கும் பழக்கமில்லை. மூடிக்கொண்டான்.

"சரி, உக்காரட்டும்," என்றான் ரூடி, தங்கை தோளைத் தட்டி. "மேலே குளிரும், கம்பளி கொண்டு போ. ஒரு புத்தகமும் கொண்டு போ. மான் வந்தா சத்தம் போடாத, நாங்க ஓடி வர்றோம்."

"எந்தப் பக்கம் சுடும்னு நான் சொல்லித் தர்றேன்," என்றான் வெர்ன்.

அந்த நேரத்தில் எமில் மாரக்கின் பழைய பிக்கப் உறுமிக்கொண்டு வந்து நின்றது. ஓடைக்கு அப்பால் நெல் போடுகிறவர், எழுபது வயது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பன்றி சாசேஜ் ஒரு பெட்டி இறக்கினார். வெர்ன் வீட்டு ஃப்ரீசரிலும் இரண்டு மாதமாக அதுதான் நிரம்பி வழிகிறது. தன்மேல் கிழவருக்கு எவ்வளவு மரியாதை என்று வெர்ன் எண்ணெய்க் கிணற்றில் எல்லோரிடமும் சொல்லியிருந்தான்.

"என்னப்பா, மூஞ்சி தொங்குது?" என்றார் எமில்.

"புதுத் துப்பாக்கி நாலு தடவ நின்னுபோச்சு ஐயா," என்றான் ரூடி மகிழ்ச்சியோடு.

எமில் மேசைமேல் கிடந்ததைக் குனிந்து பார்த்தார். "இதுவா? இது நிக்காதே."

"நிக்காதா?" வெர்ன் நிமிர்ந்தான்.

"ஆகஸ்ட்லேருந்து என் வயல்ல காட்டுப்பன்னிக்கு இதுதானே எமன்? ரெண்டாயிரம் தோட்டா நானே வாங்கி வச்சேன், தீந்துபோச்சு. துடைச்சு நான் பாத்ததில்ல. ஒரு தடவகூட நிக்கல. சைலன்சர் வேற, கொட்டகைல தூங்கற என் நாய்கூட முழிக்கல."

வெர்னின் மார்பு ஒரு பீப்பாய் அளவுக்கு விரிந்தது. "கேட்டியா மச்சான்? ரெண்டாயிரம்! சைலன்சரோட! துடைக்காம! அதுக்கு மேல இன்னைக்கு ஐந்நூறு! நாலே நாலு தடவ! இனிமே பிஸ்டனப் பத்திப் பேசுவியா? பேசு பாக்கலாம்!" மேசையை ஒரு குத்துக் குத்தினான். கண்ணில் மறுபடி நீர்; இந்தமுறை புகை இல்லை.

ரூடி விரல் விட்டு ஏதோ எண்ணிக்கொண்டிருந்தான்.

"மச்சான், நீ ஆகஸ்ட்லேருந்து பாதி நாள் கடல்ல இருந்த. மீதி நாள் என்கூடத்தான் இருந்த. இவர் வயல்ல சுட்டது யாரு?"

வெர்னின் கை மேசைமேல் அப்படியே நின்றது.

டார்லா காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தாள். துப்பாக்கி காலிதானா என்று ஒருமுறை திறந்து பார்த்து, தோளில் மாட்டினாள். வார் அளவாகப் பொருந்தியது.

எமில் அவள் பக்கம் திரும்பி, வருத்தத்தோடு கேட்டார்: "ஏம்மா டார்லா, இவ்வளவு நல்ல துப்பாக்கிய இன்னைக்கு யார் கைல குடுத்த?"