பெட்டிக்கு ஐந்து மணி வரை ஆயுள்

"டாக்டரம்மா, கையை எடுங்க! அந்த ஒயரைப் பிடுங்காதீங்க!"

பிடுங்கியாகிவிட்டது. அடுத்த அறையில் ரத்தம் பரிசோதிக்கும் இயந்திரம், முடிவை எங்கே அனுப்புவதென்று தெரியாமல் கீச்சென்று அலறியது.

"அஞ்சு மணிக்குப் போகப்போற உசிருப்பா. கொஞ்சம் ஓய்வு குடுக்கலாமேன்னு பார்த்தேன்" என்றார் டாக்டரம்மா, கையில் மூன்று ஒயர்களோடு.

ஒயர் தம்பி தலையில் கை வைத்துக்கொண்டான்; பிறகு ஒயர்களை வாங்கித் திரும்பச் சொருகினான். அந்தப் பரிசோதனைக்கூடத்தில் அவனுக்கு அதுதான் பெயர். கம்ப்யூட்டர், பிரிண்டர், இயந்திரம் எல்லாம் பேசிக்கொள்வது ஒரே ஒரு ஸ்விட்ச் பெட்டி வழியாக. அதற்குக் காவல் அவன். அதன் முன்னால் பூப்போட்ட உறை மாட்டிய சதுர ஆசனத்தில் உட்கார்ந்துதான் வேலை, சாப்பாடு, எப்போதாவது ஒரு குட்டித் தூக்கம்.

காலையில் அவன் சொன்னது பொய் என்று சொல்ல முடியாது. கொஞ்சம் மசாலா, அவ்வளவுதான்.

பெட்டியைத் தயாரித்த கம்பெனி, அந்த ரகத்தை இன்றோடு கைகழுவுகிறது. இனி பழுதானால் உதிரிபாகம் வராது. உள்ளே திருடன் புக ஓட்டை இருந்தால் அடைத்துத் தர மாட்டார்கள். போனையும் எடுக்க மாட்டார்கள். பெட்டி என்னவோ அதுபாட்டுக்கு ஓடும். இதை விளக்கி, புதுப்பெட்டி கேட்டு, இரண்டு வருஷத்தில் இருபத்து மூன்று கடிதம் எழுதிவிட்டான். எல்லாவற்றுக்கும் கூடத்தை நடத்தும் டாக்டரம்மாவிடமிருந்து ஒரே பதில்.

"இப்பதானேப்பா மாத்தினோம்!"

ஏழு வருஷத்துப் பெட்டி அவருக்கு 'இப்பதானே'! வெறுத்துப் போய்த்தான் இன்று காலை, "அஞ்சு மணியோட அதுக்குக் காலம் முடிஞ்சுது டாக்டரம்மா" என்று ஒரு போடு போட்டான்.

அது வேலை செய்தது. ரொம்பவே.

"அஞ்சுக்குள்ள எல்லா ரிப்போர்ட்டையும் பேப்பர்ல எடுத்துடுங்க!" என்று டாக்டரம்மா கட்டளையிட, ஆறு பேர் ஒரே பிரிண்டர் மீது பாய்ந்தார்கள். அது நான்காவது நிமிஷமே காகிதத்தைக் கவ்விக்கொண்டு வாயை மூடிக்கொண்டது. ஒயர் தம்பி அதன் வயிற்றுக்குள் கையை விட்டுக் கிழிசல்களைப் பொறுக்கினான்.

நாலே முக்காலுக்கு எல்லாத் திரைகளும் உறைந்தன.

"போச்சு! கால்மணி முன்னாடியே போயிடுச்சு!" டாக்டரம்மா நெஞ்சில் கை வைத்தார்.

போன் அலறியது. ஆஸ்பத்திரி. "ஆறு மணிக்கு ஆபரேஷன். பேஷன்ட்டோட ரிப்போர்ட் இன்னும் வரலையே?"

ஒரு கணம் ஒயர் தம்பியே நம்பிவிட்டான். சொன்ன வாய் பலித்துவிட்டதோ? ஆசனத்தில் சரிந்து உட்கார்ந்து பெட்டியை உற்றுப் பார்த்தான். எல்லா விளக்குகளும் பேய் பிடித்ததுபோல் துடித்தன. ஒரு நீல ஒயர். இந்த முனை பெட்டியில். அந்த முனை... அதுவும் அதே பெட்டியில்!

"இதை யாரு சொருகினது?"

"ஒரு முனை தொங்கிட்டு இருந்துச்சுப்பா. பாவமா இருந்துச்சு. பக்கத்துல ஓட்டை காலியா இருந்துது..." என்று இழுத்தார் டாக்டரம்மா.

பெட்டி தன்னிடமே கேள்வி கேட்டு, தனக்கே பதில் சொல்லி, மூச்சுமுட்டி நின்றிருந்தது. ஒயரை உருவினான். திரைகள் ஒவ்வொன்றாகக் கண் விழித்தன. ரிப்போர்ட் பறந்தது. ஆஸ்பத்திரிக்காரர் நன்றி சொல்லி போனை வைத்தார்.

ஐந்து அடித்தது. எல்லோரும் பெட்டியையே பார்த்தார்கள். பச்சை விளக்கு சாவதானமாகச் சிமிட்டியது.

"சாகலையே?" என்றார் டாக்டரம்மா.

இனி மறைக்க முடியாது. "சாகாது டாக்டரம்மா. நான்தான் பயமுறுத்தினேன். இன்னும் நாலு வருஷம்கூட ஓடும். ஆனா நோய் வந்தா பாக்க டாக்டர் கிடையாது, மருந்தும் கிடையாது. இன்னிக்கு முடிஞ்சது அதுதான்."

டாக்டரம்மா முறைத்தார். பிறகு சிரித்துவிட்டார். "இதை மொதக் கடுதாசியிலயே இப்படி எழுதித் தொலைச்சிருக்கக் கூடாதா? சரி, அதுக்குத்தான் இப்பதானேப்பா மாத்தினோம்?"

இரண்டு வருஷத்தில் முதல்முறையாக அவன் திருப்பிக் கேட்டான். "எதை டாக்டரம்மா மாத்தினோம்?"

"இந்தப் பெட்டியைத்தான்! ரெண்டு வருஷம் முன்னாடி உனக்குப் பையன் பொறந்து ஒரு மாசம் லீவுல இருந்தியே, அப்பதான் புதுசு வந்திறங்குச்சு. நீ வந்து மாட்டிட்டேன்னுல்ல நெனச்சுட்டிருக்கேன்!"

"எங்கிட்ட எதுவும் வரலையே!"

தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயாம்மா நிமிர்ந்தார்.

"அந்த அட்டைப்பெட்டியா? தம்பி வெறும் அட்டை மேல உக்காரக் கூடாதேன்னு நான்தானே பூப்போட்ட உறை தெச்சுப் போட்டேன்!"