தலைமையகம்: கடல்

கடலைக் கண்ணால் பார்க்காமலே கடலுக்கு ஏஜெண்டாக இருந்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் திண்டுக்கல் 'கிளை மாமா'. சொந்தப் பெயர் என்னவென்று யாருக்கும் தெரியாது. கேட்டாலும், மற்ற கிளைகளோடு கலந்து பேசித்தான் சொல்லியிருப்பார்.

ஐம்பதுகளின் கடைசியில் அவருக்கு மூன்று மீன் கிளப்புகள், அதாவது மீன் சாப்பாட்டுக் கடைகள், இருந்தன. திண்டுக்கல் ரயிலடியில் ஒன்று, வத்தலக்குண்டில் ஒன்று, ஒட்டன்சத்திரத்தில் ஒன்று. மூன்று பலகையிலும் 'கடல் மீன் கிளப் - கிளை' என்றுதான் எழுதியிருக்கும்.

"மூணுமே கிளைன்னா தலைமையகம் எங்கிட்டு மாமா இருக்கு?" என்று தெரியாமல் கேட்டுவிட்டேன்.

"மீனு எங்கிட்டு இருந்து வருது? அங்கிட்டுத்தான்" என்றார். மறுவாரமே மூன்று பலகையிலும் கீழே 'தலைமையகம்: கடல்' என்று பெயிண்டில் ஏறிவிட்டது.

பிறந்தது தாடிக்கொம்பு. கடலை ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரக்கூடாதா என்றால், "நான் மட்டும் பாத்தா எப்புடி? மூணு சமையக்காரனும் பாக்கணும்ல? அம்புட்டுப் பேரும் போயிட்டா அடுப்பை யாரு பாக்குறது?" என்பார்.

அதுதான் அவருடைய கிறுக்கு. கிளை என்றால் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்க வேண்டும். வத்தலக்குண்டில் கடிகாரம் நின்றபோது மற்ற இரண்டு கடிகாரங்களையும் நிறுத்தினார். ஒட்டன்சத்திரத்தில் ஒரு பெஞ்சு ஆட ஆரம்பித்ததும், திண்டுக்கல்லில் நான் வழக்கமாக உட்காரும் பெஞ்சின் காலை அரத்தால் ராவினார்.

"அந்தப் பெஞ்சைச் சரி பண்ணக் கூடாதா மாமா?"

"ஆசாரி ஒட்டன்சத்திரம் வர மாட்டேங்கிறான் அப்பு. நம்மால ஆனது இதுதான்."

ஒரு சமையல்காரருக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தபோது, மற்ற இருவரும் கன்னத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு மீன் வறுத்தார்கள். இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு கிளையில் மீன் இல்லையென்றால் மூன்றிலும் மீன் கிடையாது என்றொரு சட்டம் வைத்திருந்தார். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும். நமக்கு ரசம் ஊற்றுவார்கள். ரயிலடிப் பூனைகள் மட்டும் இந்தச் சட்டத்தை மனதார ஆதரித்தன.

இந்த லட்சணத்தில்தான் என் கல்யாணப் பேச்சு வந்தது. பெற்றோர் இல்லாத எனக்கு அந்த ஊரில் இருந்தது பூட்டுக் கம்பெனியில் ஒரு குமாஸ்தா வேலையும், ஒரு லாட்ஜ் அறையும், அந்த ஆடும் பெஞ்சும்தான். பெண் தூத்துக்குடி. அவளுடைய அப்பா தோணி வைத்திருப்பவர். "எம்மவ மீனில்லாம ஒரு வாய் சோறு திங்க மாட்டா. கடலில்லாத ஊருல மீன் கெடைக்கிற லட்சணத்த நான் வந்து பாக்கணும். அப்புறந்தான் சம்மதம்" என்று சொல்லி அனுப்பிவிட்டு, ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் ரயிலில் வந்து இறங்கினார். வெள்ளிக்கிழமை எங்கள் கத்தோலிக்க வேதக்காரர்களுக்குச் சுத்தபோசனம். இறைச்சியைத் தொடக்கூடாது, மீன் சாப்பிடலாம். ஆக, அன்றைக்கு மீனை விட்டால் எனக்கு வேறு கதி இல்லை.

அவரைக் கிளப்பில் உட்கார வைத்தேன். நெஞ்சை அள்ளும் குழம்பு வாசம். அந்த நேரம் பார்த்து பழனி பஸ் கண்டக்டர் வந்து தலையைச் சொறிந்தார். அன்றைக்குக் கிருத்திகை. பஸ் நிறைய முருக பக்தர்கள். ஒட்டன்சத்திரத்துக்குப் போகும் மீன் பெட்டியோடு பயணம் செய்ய மாட்டோம் என்று அவர்கள் சத்தம் போட, பெட்டியை ரெட்டியார்சத்திரத்தில் இறக்கிவிட்டாராம். மிச்சத்தைக் காக்காய்கள் பார்த்துக்கொண்டன. ஒட்டன்சத்திரம் கிளையில் மீன் இல்லை!

"மாமா, இன்னிக்கு ஒரு நாளு மட்டும்..." என்று கையைப் பிடித்தேன். அவர் என்னைப் பார்த்தார், தோணிக்காரரைப் பார்த்தார், துண்டை உதறித் தோளில் போட்டார்.

"செத்த நேரம் உக்காருங்க. வாரேன்" என்று அடுத்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

செத்த நேரம் என்பது மூன்று மணி நேரம். சமையல்காரர் குழம்புச் சட்டியின் முன்னால் கரண்டியோடு காவல் நின்றார். "மணம் வருது, மீனு வரலியே! என்ன ஊருவே இது?" என்று மாமனார் ஆகவேண்டியவர் பசியில் உறுமினார். அடுத்த ரயிலைப் பற்றி இரண்டு தடவை விசாரித்தார். ஆடும் பெஞ்சில் அவர் ஒரு பக்கம் எழுந்தால் நான் மறுபக்கம் கீழே போனேன்.

கடைசியில் பஸ் வந்தது. கூரையிலிருந்து கயிறு கட்டி எதையோ இறக்கினார்கள். கிளை மாமா அதைத் தலையில் சுமந்துகொண்டு வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தார். ஒட்டன்சத்திரம் பலகை!

அதைச் சுவரோரம் சாத்திவிட்டு, "இப்ப நமக்கு ரெண்டே கிளைதான். ரெண்டுலயும் மீனு இருக்கு. ஏலே, எலையைப் போடு!" என்றார்.

"இங்க இருந்து நாலு மீனை அங்கிட்டுக் கொண்டு போயிருக்கலாமே மாமா?"

"கிருத்திகைக் கூட்டம் அப்பு. பழனி பஸ்ல மீனு ஏறாது. பலகை ஏறும்."

தோணிக்காரர் இலையை இழுத்துப் போட்டுச் சாப்பிட்டார். சட்டி காலியானதும், நடந்ததையெல்லாம் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, பலகையை வெகுநேரம் பார்த்தார். "மீனு சுமார்தான். ஆனா ஒமக்காவ ஒரு கடையவே மூடுன ஆளு இருக்குத ஊருல எம்மவ பட்டினி கெடக்க மாட்டா" என்றார்.

மறுநாள் பலகையைத் திரும்ப மாட்டினார்கள். ஆணி ஓட்டை பெரிதாகிப் போனதால் ஒரு பக்கம் சாய்ந்துகொண்டது. ஆசாரிதான் ஒட்டன்சத்திரம் வர மாட்டாரே. அதனால் மற்ற இரண்டு பலகைகளையும் கிளை மாமா அதே அளவுக்குச் சாய்த்து மாட்டிவிட்டார்.

கல்யாணமாகி வந்தபின் என் மனைவி எந்தக் கிளைக்குப் போனாலும் தலையைச் சாய்த்துத்தான் அந்தப் பலகையைப் படிப்பாள். "கழுத்து வலிக்கப் போவுது. நேரா மாட்டச் சொல்லட்டா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"எங்கப்பாவைச் சம்மதிக்க வச்ச சாய்வு இது. கைய வச்சுப் பாருங்க, தெரியும்" என்றாள்.