அரைமணி அண்ணாத்தே போட்ட குஷன்

எங்கள் ஆவடி குவார்ட்டர்ஸில் எந்த வீட்டு விருந்தாளி எப்போது எழுந்து போவார் என்று முடிவு செய்தது விருந்தாளியும் இல்லை, வீட்டுக்காரரும் இல்லை. அரைமணி அண்ணாத்தே!

ஃபேக்டரியில் வண்டிகளுக்கு சீட் தைக்கிறவர். ஒண்டிக்கட்டை. ஞாயிற்றுக்கிழமையானால் அக்கம்பக்கத்துப் பிய்ந்த நாற்காலிகளுக்கெல்லாம் தன் வீட்டு வாசலில் வைத்தியம் பார்ப்பார். கூலி ஒரு டீ. வேலையைத் தொடங்குமுன், உதட்டில் குட்டி ஆணிகளைக் கவ்வியபடியே கேட்பார்:

"யாரு ஒக்காரப் போறாங்கோ? எம்மா நேரம் ஒக்காரணும்?"

பதிலுக்கேற்ற திணிப்பு. நாள் கணக்கில் உட்கார வேண்டுமென்றால் இலவம் பஞ்சு. ஒரு மணி நேரத்துக்குத் தேங்காய் நார். அரைமணிக்கு என்ன வைப்பார் என்பது கடைசிவரை ரகசியம். குவார்ட்டர்ஸில் பெரும்பாலோர் "அரைமணி" என்றே சொன்னதால் அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. எதிர்வீட்டில் ஒரே ஒருமுறை "ரெண்டு மணி" என்று சொல்லி வாங்கிப் போனார்கள். பத்து நிமிஷத்தில் ஓடிவிடும் டியூஷன் வாத்தியார் அன்று முழு அல்ஜீப்ராவையும் முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

எனக்கு அப்போது கல்யாணமாகி எட்டு மாதம். திருநெல்வேலியிலிருந்து மாமனார் முதல் தடவையாக வருகிறார், பத்து நாள் தங்க. என் மனைவி செல்விக்குக் கால் தரையில் பாவவில்லை. எங்கள் டைனிங் டேபிளில் கை வைத்த நாற்காலி ஒன்றுதான், பெரியவர்களுக்கென்று. நான் அதன்மேல் ஏறி ஒட்டடை அடித்ததில் சீட் கிழிந்து தொங்கியது. "அப்பா வாரதுக்குள்ள சரி பண்ணிருங்க" என்றாள்.

மாமனாரோ, ஒரு இன்லண்ட் லெட்டரிலேயே பதினேழு புத்திமதி எழுதுகிறவர். நேரில் பத்து நாள் என்றால்? நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனேன். அண்ணாத்தே வழக்கமான கேள்வியைக் கேட்டார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "அரைமணி" என்றேன். படுபாவி நான்!

அடியில் நாலு ஸ்க்ரூவைக் கழற்றி, சீட்டுப் பலகையை உருவி, எதையோ திணித்து, பூப்போட்ட ரெக்ஸினை இழுத்து ஆணியடித்தார். பார்ப்பதற்கு ஜம்மென்று இருந்தது.

மாமனார் வந்தார், உட்கார்ந்தார். இரண்டாவது தோசையில் நெளிந்தார். மூன்றாவதில் ஒரு பக்கமாகச் சாய்ந்தார். "வேற சேர்ல உக்காருங்க மாமா" என்று சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

"மாப்ள மரியாதையா போட்ட சேரு. எந்திரிச்சா நல்லாருக்காது" என்றார்.

புத்திமதிகள் பாதியில் நின்றன. மூன்றாம் நாள் காலையில், "ஏட்டி செல்வி, ஊருல சோலி கெடக்கு" என்று பையைத் தூக்கிவிட்டார்.

செல்வி சாயங்காலம்வரை அழுதாள். "நம்ம வீடு அப்பாவுக்குப் புடிக்கல. நான் என்ன கொறை வச்சேன்?" எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அப்பா உட்கார்ந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். அவ்வளவுதான், அழுகை நின்றுவிட்டது.

ஐந்தாவது நிமிஷம் அண்ணாத்தே வாசலில் நின்றோம். நாற்காலி என் தலையில்.

"எங்கப்பாவுக்கு இப்படியா பண்ணுவீங்க அண்ணாச்சி?"

அண்ணாத்தே ஆணிகளை உள்ளங்கையில் துப்பினார். "நான் இன்னாம்மா பண்றது? உன் ஊட்டுக்காருதான் அரைமணின்னாரு."

போட்டுக்கொடுத்துவிட்டார்! செல்வி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

"இப்ப நீ சொல்லும்மா. எம்மா நேரம்?"

"எங்கப்பா கெளம்பவே கூடாது."

அண்ணாத்தே உள்ளே போய்த் தன் தலையணையைக் கிழித்து, இருந்த பஞ்சையெல்லாம் கொண்டுவந்து திணித்தார்.

செல்வி கடிதம் போட்டாள். மாமனார் மறுபடியும் வந்தார். இருபத்தாறு நாள்! செல்வி முகத்தில் அப்படியொரு சிரிப்பு. நான்தான் ஒருநாள் புத்திமதி தாங்காமல் அண்ணாத்தே வீட்டுக்கு ஓடினேன்.

அங்கே இருந்தது ஒரே ஒரு நாற்காலி. உட்கார்ந்ததும் பாதி ஆள் அமுங்கிப் போனேன்.

"இன்னா அண்ணாத்தே, இவ்ளோ மெத்துனு கீது?"

"இங்க யாரு நைனா வர்றாங்கோ? வந்தவங்கோ கொஞ்ச நேரம் இருக்கட்டுமேன்னுதான்" என்றவர், என்னைப் பார்க்காமல், "டீ போடட்டா?" என்றார்.

போடுங்கள் என்றேன். அன்று பொழுது சாயும்வரை அந்த மனுஷனை விட்டு எழுந்து போக எனக்கு மனசே வரவில்லை.