ராக்கெட் பாய் செய்த இரும்பு மனிதன்

தேன்கனிக்கோட்டைத் தாலுகாவிலிருந்து சந்திரனுக்குப் போய் வந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் ராக்கெட் பாய். அதெல்லாம் போகவில்லை என்று யாராவது சொன்னால், அவர்கள் பாயின் கடைவாசலில் நின்று கதை கேட்காதவர்கள் என்று அர்த்தம். நான் கேட்டவள். அதனால் சொல்கிறேன்.

பாய்க்குத் தொழில் தகர வேலை. புனல், காடா விளக்கு, பெட்டி, எண்ணெய் டப்பா எல்லாம் செய்வார். அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. அவர் சம்சாரத்துக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அந்த அம்மாளே சாப்பாட்டு வேளையில் தெருவில் வந்து நின்று, "எங்க ராக்கெட்டு இந்தப் பக்கம் வந்துச்சா?" என்றுதான் கேட்பார்.

மாதம் ஒருமுறை தகடு வாங்க பெங்களூருக்குப் போவார். மற்றவர்கள் காலை பஸ்ஸில் போய் மாலை பஸ்ஸில் திரும்பிவிடுவார்கள். பாய் மட்டும் மறுநாள்தான் வருவார். காரணம், தண்டு என்கிற கன்டோன்மென்ட் பக்கத்துச் சினிமாக் கொட்டகையில் ஓடும் இங்கிலீஷ் படம். சண்டைப் படம், குதிரைப் படம், முத்தப் படம் எதுவும் அவருக்கு ஆகாது. வெளியே மாட்டியிருக்கும் படத்தில் ராக்கெட் இருக்க வேண்டும். அது இருந்தால் இரண்டு ஆட்டம் பார்ப்பார். இல்லாவிட்டால் கொட்டகைக்காரரைத் திட்டிவிட்டுத் திரும்புவார்.

திரும்பி வந்த நாளில் அவரிடம் வேலை வாங்க முடியாது.

"பாய், புனல் ஆச்சா?"

"புனலா? நேத்துதான் வெள்ளைக்காரன் செவ்வாய்க் கிரகத்துல எறங்கியிருக்கான். நீ புனலப் பத்திப் பேசுற!"

அவருக்கு இங்கிலீஷில் ஒரு எழுத்து தெரியாது. எங்கள் வீட்டுக்காரர் ஒருநாள் கேட்டேவிட்டார். "பாஷை தெரியாம கதை எப்பிடி பாய் புரியுது?"

"ஏன் மச்சான், சந்திரன்ல இருக்கிறவன் மட்டும் இங்கிலீஷ் படிச்சவனா? வெள்ளைக்காரன் பேசுறது அவனுக்குப் புரியுதில்ல? எனக்கும் அப்பிடித்தான்."

என்னைத் தங்கச்சி என்பார். அந்த முறையில் எங்கள் வீட்டுக்காரர் அவருக்கு மச்சான்.

படத்தை எல்லோரும் பார்ப்பதுபோல் அவர் பார்க்கமாட்டார். தகரக்காரர் கண்ணால் பார்ப்பார். "ராக்கெட்டு நல்லாத்தான் பண்ணியிருக்கான் தங்கச்சி. வாலாண்ட பத்த வெச்சதுதான் சரியில்ல. இன்னும் கொஞ்சம் ஈயம் ஊத்தியிருக்கணும். மேல போயி வுட்டுக்கிச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்று ஒரு வாரம் கவலைப்படுவார். ஒரு படத்தில் ராக்கெட் நிஜமாகவே நடுவானத்தில் உடைந்துவிட்டதாம். பாய் ஊர் முழுக்க நிமிர்ந்து நடந்தார். "நான் சொன்னேனா இல்லியா?" என்று பார்த்தவர்களையெல்லாம் நிறுத்திக் கேட்டார்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். கைக்குழந்தை ஒன்று. காட்டோரம் ஒன்றரை ஏக்கர் மானாவாரி. அதில் விளையும் ராகிதான் எங்களுக்கு வருஷம் முழுக்கச் சோறு. முந்தின வருஷம் கதிர் பால் பிடிக்கிற சமயத்தில் யானை இறங்கி, ஒரே மாலையில் முடித்துவிட்டுப் போனது. தை பிறந்ததிலிருந்து கிழங்கும் கீரையும் தின்று காலத்தை ஓட்டினோம். "இந்த வருசமும் போச்சுன்னா நெலத்த வுட்டுட்டு பெங்களூர்ல கல்லு ஒடைக்கப் போறதுதான்" என்று எங்கள் வீட்டுக்காரர் முடிவாகச் சொல்லிவிட்டார். எனக்கு அந்த நிலத்தை விட மனமில்லை. நான் வாழ வந்த இடம் அது. கல் உடைப்பதற்காகவா என்னைக் கட்டிக்கொடுத்தார்கள்?

அந்த ஐப்பசியில் எங்கள் ஊர் டென்ட் கொட்டகைக்கு வர வேண்டிய தமிழ்ப் படப்பெட்டி வராமல், இங்கிலீஷ் ராக்கெட் படப்பெட்டி வந்துவிட்டது. இரண்டு நாளைக்கு அதையே ஓட்டினார்கள். பாய் கடையைச் சாத்திவிட்டு, கல்யாணத்துக்கு அழைப்பதுபோல் வீடு வீடாக வந்தார். "குடும்பத்தோட வந்துரணும் தங்கச்சி. மொத ரீலத் தவற விட்றாதீங்க."

பெண்கள் பக்கம் மணலில் உட்கார்ந்து நானும் பார்த்தேன். படத்தைப் பற்றி என் அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன். ராக்கெட் அழகாக இருந்தது. நட்சத்திரங்கள் மூக்குத்திக் கல்போல மின்னின. அதற்கே இன்னொரு தரம் பார்க்கலாம். ஆனால் அத்தனை பெரிய கப்பலில் அடுப்பைக் காணோம். நாலு ஆண்களும் ஒரு பெண்ணும் போகிறார்கள். ஆண்கள் ஜன்னல் வழியே வானத்தைப் பார்க்கிறார்கள். அந்தப் பெண் காபி கொண்டுவந்து கொடுக்கிறாள். வானத்தைத் தாண்டிப் போயும் அவளுக்கு அதே வேலைதான். காபியை எங்கே போட்டாள் என்றும் காட்டவில்லை.

குட்டிச்சுவருக்கு அந்தப் பக்கம் ஆண்கள் நடுவில் பாய் எழுந்து நின்று உரக்க விளக்கம் சொன்னார்.

"உக்காரு பாய், மறைக்குது!"

"நான் மறைக்கிறது தரையத்தான்டா. வானத்தப் பாரு!"

அப்புறம் இரும்பு மனிதன் வந்தான். பனைமரத்தில் பாதி உயரம். கண் இரண்டும் விளக்காக எரிந்தன. பட்டாளம் சுட்டது, அவன் நடந்தான். பீரங்கி வைத்துச் சுட்டது, அப்போதும் நடந்தான். பட்டாளம் துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடியது. நான் குழந்தையின் கண்ணைப் பொத்திவிட்டு நன்றாகப் பார்த்தேன்.

மறுநாள் காலை எங்கள் வீட்டுக்காரர் பாய் கடைக்குப் போய் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பட்டாளமே ஓடுச்சே பாய். யான ஓடாதா?"

பாய் கையிலிருந்த கத்திரியைக் கீழே வைத்தார். இத்தனை வருஷமாக இந்தக் கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவர்போல, "அளவெடுக்கணும், நேரா நில்லு மச்சான்" என்றார்.

குந்தாரப்பள்ளிச் சந்தையில் பழைய டின்கள் வாங்கி வந்தார். பத்து நாள் தட்டினார், மடித்தார், பற்றவைத்தார். ஒன்பது அடியில் இரும்பு மனிதன் எழுந்தான். வயிற்றுக்குள் கூழாங்கல். அதில் கயிறு கட்டிக் காவல் பரண் மேலிருந்து இழுத்தால் இடி இடிப்பதுபோல் சத்தம். மாட்டுவண்டியில் படுக்கவைத்து வயலுக்குக் கொண்டுபோனபோது எதிரே வந்தவர்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றார்கள், யாரோ பெரிய மனிதர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று.

நட்டு வைத்ததும் ஒரு தகராறு. யானையை எந்தப் பாஷையில் விரட்டுவது? எங்கள் வீட்டுக்காரர் தமிழில்தான் என்றார். பாய் ஒத்துக்கொள்ளவில்லை. "வர்றது மைசூர்ப் பக்கத்துக் காட்டுலேர்ந்து. அதுக்குத் தமிழ் எங்க தெரியும்? கன்னடத்துலயும் ஒரு வார்த்த சொல்லிருவோம்."

இரண்டாம் நாள் பொழுது சாயும்போது மூன்று யானைகள் வந்தன. பரண் மேல் நாங்கள் எல்லோரும் இருந்தோம். பாய் கயிற்றை இழுத்தார். கடகடவென்று சத்தம். யானைகள் நின்றுவிட்டன.

"பாத்தியா மச்சான், பட்டாளம் நின்னுருச்சி!"

பட்டாளம் நிற்கத்தான் செய்தது, ஆனால் தும்பிக்கையைத் தூக்கி மோப்பம் பிடித்துக்கொண்டு. பிறகு அதில் ஒன்று நேராக இரும்பு மனிதனிடம் வந்து, மார்பை நக்கிப் பார்த்து, தலையைத் தேங்காய்போலத் திருகி எடுத்து வாயில் போட்டுச் சப்பியது. அந்த டின்கள் வெல்லப்பாகு வந்த டின்கள். பாய் ஒரே ஒரு தரம்தான் கழுவியிருக்கிறார்.

"ஓய் பாய்! பயமுறுத்தச் சொன்னா விருந்து வெச்சிருக்கியே!" என்று எங்கள் வீட்டுக்காரர் அலறினார். ஊர்க்காரர்கள் பந்தத்தோடு ஓடிவந்து விரட்டுவதற்குள் கால்வாசி ராகி மண்ணோடு மண்.

அன்றைக்கு எங்கள் வீட்டில் பெங்களூர்ப் பேச்சு மறுபடி தொடங்கியது. பாய் இரண்டு நாள் கடையைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் மண்ணெண்ணெய் டின்களாகப் பார்த்து வாங்கினார். இந்தத் தடவை கயிறு இல்லை.

"அப்போ யாரு ஆட்டுறது?" என்றேன்.

"உள்ள நான் நிக்கிறேன். நின்ன எடத்துலயே நின்னா எந்தப் பட்டாளம் ஓடும்? நடக்கணும்."

"அண்ணே, அது சினிமா. இது யான."

பாய் என்னைப் பார்த்துச் சிரித்தார். "எனக்குத் தெரியாதா தங்கச்சி? அந்த இரும்பு மனுசனுக்குள்ளயும் ஒரு ஆளுதான் நின்னான். கழுத்தாண்ட மூச்சு விட ஓட்டை போட்டிருந்தாங்க, நான் பாத்தேன். கூலிக்கு நிக்கிறவனே நிக்கிறான். நான் நிக்கமாட்டேனா?"



ஐந்து மாலை ஒன்றும் வரவில்லை. ஆறாவது மாலை ஒற்றைக் கொம்பன் யானை வந்தது. பாயின் முகம் இரும்பு மனிதனின் மார்புக்குள் இருந்தது. அதற்கு மேல் பொய்த்தலை, அதில் கண்ணுக்கு இரண்டு காடா விளக்கு. நாலு அடி நடந்தார். ஐந்தாவது அடியில் நின்றுவிட்டார். அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது, அவர் முழங்காலுக்கு மடிப்பு வைக்கவில்லை. உழவு மண்ணில் கால் புதைந்துவிட்டது. முன்னேயும் போக முடியாது, பின்னேயும் வர முடியாது.

யானை வந்துகொண்டே இருந்தது.

"போ!" என்றார் பாய். "ஹோகு!" என்று கன்னடத்திலும் சொன்னார். தகரத்துக்குள்ளிருந்து அந்தக் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. யானை காதை ஆட்டிவிட்டு இன்னும் இரண்டு அடி வைத்தது. எங்கள் வீட்டுக்காரர் பந்தத்தைப் பற்றவைக்கத் தீக்குச்சியை உரசுகிறார், ஒன்றுகூடப் பிடிக்கவில்லை. நான் குழந்தையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு, "ராகி போனாப் போகட்டும், அண்ணே, வந்துரு!" என்று கத்தினேன். வர முடிந்தால் வந்திருக்கமாட்டாரா?

தகரத்துக்குள்ளிருந்து மெதுவாக ஆரம்பித்தது.

"டென்."

ராக்கெட் கிளம்பும் முன் தலைகீழாக எண்ணுகிற எண்கள்; படம் பார்த்துப் பார்த்து அவர் கற்ற இங்கிலீஷ் அவ்வளவுதான்.

"நைன். எயிட்டு. செவன். பைவு." பயத்தில் ஆறை விட்டுவிட்டார். "போரு. த்ரீ." யானை தும்பிக்கையை நீட்டியது. "டூ." பொய்த்தலையின் கன்னத்தில் தும்பிக்கை நுனி பட்டது. "ஒன்." யானை புஸ்ஸென்று மூச்சு விட்டது. பாயின் குரல் உடைந்துபோய், கெஞ்சுவதுபோல் வந்தது. "ஜீரோ."

யானை தும்பிக்கையை உதறி, திரும்பிக் காட்டுக்குள் போய்விட்டது.

விளக்குச் சூட்டில் தகரம் கொதித்ததால்தான் போனது என்றார் எங்கள் வீட்டுக்காரர். இங்கிலீஷுக்குத்தான் போனது என்று பாய் கடைசிவரை சாதித்தார். அந்தப் போகத்தில் அது மறுபடி எங்கள் பக்கம் வரவே இல்லை.

கத்திரியால் தகரத்தை வெட்டித்தான் அவரை வெளியே எடுத்தோம். தோளெல்லாம் சிவந்து கொப்புளம். அவர் சம்சாரம் தலையில் அடித்துக்கொண்டு, "சந்திரனுக்குப் போறேன் போறேன்னு சொல்லிட்டு ராகிக் காட்டுல வெந்துனு நிக்குறியே மனுசா!" என்று அழுதார். பாய் அவரைப் பார்க்கவில்லை. வெளியே வந்ததும் என்னிடம் கேட்டது ஒரே வார்த்தை.

"ராகி?"

"இருக்குது அண்ணே" என்றேன்.

அந்த மார்கழியில் அறுத்தோம். பெங்களூர்ப் பேச்சை எங்கள் வீட்டில் அப்புறம் யாரும் எடுக்கவில்லை. நான் இன்றும் அதே நிலத்தில்தான் இருக்கிறேன்.

இப்போது டிவியில் பளபளவென்று எத்தனையோ இரும்பு மனிதர்கள் வருகிறார்கள். உள்ளே ஆளே கிடையாது, எல்லாம் மிஷின் என்று சொல்கிறார்கள். இருக்கட்டும். எவன் நடந்து வந்தாலும், பெட்டிக்குக் கிட்டே போய், "அண்ணே, உள்ள ரொம்பச் சுடுதா?" என்று கேட்கத்தான் எனக்கு வாய் வருகிறது.